9 வயதுப் பெண்ணுக்கு முதல் பேஸ் கிட்டார்: சின்ன அளவா, முழு அளவா?

பாளைத்தந்தை

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 9 வயது, நாலாம் வகுப்பு. சர்ச்சில் பாடகர் குழுவுக்கு எதிர் பெஞ்சில்தான் எங்கள் குடும்பம் உட்காரும். கீபோர்டு, டிரம்ஸ் எதையும் அவள் பார்ப்பதில்லை. பேஸ் வாசிக்கிற அண்ணன் கையைத்தான் ஆராதனை முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். "அந்தக் குண்டுக் கம்பி கிட்டார்தான் வேணும்" என்று கேட்டுக் கேட்டு, இப்போது நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் குழப்பம். திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போனோம். இருந்ததெல்லாம் பெரியவர்கள் வாசிக்கிற அளவு. மடியில் வைத்துக்கொடுத்தால் தலைமாட்டில் இருக்கும், சுருதி சேர்க்கிற முறுக்காணி அவள் கைக்கே எட்டவில்லை. கடைக்காரரோ, "வளர்ற பிள்ளைதானே சார், பெருசாவே வாங்கிருங்க, பணம் வீணாகாது" என்கிறார். மச்சான் இன்னொரு பக்கம்: "முதல்ல சாதா கிட்டார் கத்துக்கட்டும், பேஸ் அப்புறம் தானா வரும்." வீட்டில் அவன் விட்டுப்போன பழைய அகூஸ்டிக் கிட்டார் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது.

பட்ஜெட் ஆம்ப் (ஒலிபெருக்கி) எல்லாம் சேர்த்து 25 ஆயிரம். மகள் உயரம் 128 செ.மீ. எங்கள் வீட்டில் யாருக்கும் இசை தெரியாது. சொல்லிக்கொடுக்க அந்த சர்ச் அண்ணனே ஒப்புக்கொண்டிருக்கிறார். எதை வாங்க?

நான்குகம்பி

அண்ணாச்சி, பள்ளி யூனிபார்ம் என்றால் இரண்டு அங்குலம் கூடுதலாகத் தைத்து உள்ளே மடித்துவிடலாம். பேஸின் நெக்கை, அதாவது விரல் வைக்கிற நீண்ட கழுத்தை, மடிக்க முடியாதே!

கடையில் பிராண்டு கேட்பதற்கு முன் ஸ்கேல் நீளம் கேளுங்கள். நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளக்கட்டையான நட்டிலிருந்து, பாடியில் கம்பி ஊன்றும் பிரிட்ஜ் வரை, கம்பி அதிர்கிற நீளம் அது. லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் 34 அங்குலம். அதுவே இன்றுவரை 'முழு அளவு'. ஷார்ட் ஸ்கேல் என்றால் 30 அங்குலம். அதற்கும் கீழே ஐபனெஸ் மைக்ரோ, ஸ்குவையர் மினி பிரிசிஷன் இரண்டும் 28.6 அங்குலம். சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் 25.5.

குழந்தையின் கைக்கு இதில் என்ன வித்தியாசம் என்றால், நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் முதலாவதிலிருந்து நான்காவது வரை 34 அங்குல பேஸில் 13 செ.மீ. 30-ல் 11.4. 28.6-ல் 10.9. ஒரு தாளில் இந்த மூன்று நீளத்தையும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மகள் இடதுகை ஆள்காட்டி விரலை ஒரு முனையில் வைத்து, சுண்டுவிரலை மறுமுனைக்குக் கொண்டுபோகட்டும். மணிக்கட்டை முறுக்காமல், தோள்பட்டையைத் தூக்காமல் எந்தக் கோட்டைத் தொடுகிறாளோ அதுதான் அவள் பேஸ். கடைக்கே போக வேண்டாம்.

ஆறுகம்பி_ஆதரவாளன்

மச்சான் பக்கம் ஒரு ஓட்டு. கிட்டாரில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்துகொண்டு பேஸுக்கு வருகிறவனுக்குப் பாட்டின் எலும்புக்கூடு புரிந்திருக்கும். நேராகப் பேஸுக்கு வந்தவன் ரூட் நோட்டையே (கார்டின் அடிச் சுரம்) தட்டிக்கொண்டிருப்பான். மேலும், குழந்தை வீட்டில் தனியாக உட்கார்ந்து பேஸ் வாசித்தால் பாட்டு மாதிரியே இருக்காது. 'டும் டும்' கேட்டு இரண்டு வாரத்தில் சலித்துவிடும். கிட்டார் என்றால் நாலு கார்டில் ஒரு பாட்டு வந்துவிடும்.

தாழ்சுருதி

பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மேலே நண்பர் சொன்னதில் பாதி சரி. பேஸ் தனியாக ருசிக்காது. அதனால் முதல் நாளிலிருந்தே பாட்டை ஓடவிட்டு அதோடுதான் வாசிக்க வைக்க வேண்டும். ஆனால் "முதலில் கிட்டார்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பேஸ் கேட்கிற பிள்ளை, கூட்டத்தில் எல்லோரும் கேட்காத ஒரு குரலைக் கேட்கிற பிள்ளை. அவளிடம் போய் எஃப் மேஜர் பாரே கார்டை அழுத்தச் சொன்னால் கிட்டாரும் போகும், பேஸும் போகும். விரல் நோக ஆறு கம்பியை ஒரே சமயத்தில் அழுத்துவதைவிட, ஒரு கம்பியில் ஒரு சுரத்தைத் தாளத்தோடு நிறுத்துவது 9 வயதுக்கு எளிது. ரூட் நோட்டையே தட்டுவது என்று இளக்காரமாகச் சொல்கிறார். அதை லயம் பிசகாமல் மூன்று நிமிஷம் தட்டச் சொல்லிப் பாருங்கள், பெரியவர்களே திணறுவார்கள்.

பாளைத்தந்தை, உங்கள் வீட்டுப் பழைய கிட்டாரை வைத்தே நாளைக்கே தொடங்கலாம். கீழே உள்ள மெல்லிய கம்பிகள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். மிச்சமிருக்கும் நாலும் மேலிருந்து இ, ஏ, டி, ஜி. பேஸிலும் அதே நாலுதான், ஒரு ஸ்தாயி கீழே. விரல் வைக்கிற இடம் அப்படியே மாறாது. அமெரிக்க பேஸ் கலைஞர் விக்டர் வூட்டனுக்குப் பேச்சு வரும் வயதில் அவருடைய அண்ணன் ரெஜி இப்படித்தான் தன் கிட்டாரில் இரண்டு கம்பியைக் கழற்றிக் கையில் கொடுத்தார் என்று வூட்டனே சொல்லியிருக்கிறார். இன்று அவர் யார் என்று பேஸ் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் மோகினி டேயும் மூன்று வயதிலேயே அப்பாவிடம் பேஸ் பிடித்தவர்தான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அந்த அகூஸ்டிக் கிட்டாரில் பேஸ் கம்பி மாட்டிப் பார்க்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். நட்டில் உள்ள பள்ளத்தில் அது உட்காராது. இழுப்பில் பிரிட்ஜ் பெயர்ந்துகொண்டு வரலாம்.

பழையரசிகன்

இத்தனை பேசிவிட்டு இளையராஜா பெயரை யாரும் எடுக்கவில்லையே! 80-களின் பாட்டை ஹெட்ஃபோனில் போட்டுக் கொடுங்கள் சார். பல்லவிக்குக் கீழே தனியாக இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் பேஸ். சசிதரன் வாசிப்பைக் கேட்டுத்தான் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு வாத்தியம் இருப்பதே தெரியும். அப்புறம் ரஹ்மானிடம் கீத் பீட்டர்ஸ். பாடகர் பெயரை மட்டும் எழுதிவிட்டு வாத்தியக்காரர்களை விட்டுவிட்ட அந்தக் கால கேசட் உறைகளைப் பற்றி ஒரு நாள் விரிவாக...

நெறியாளர்

அதற்குத் தனி இழை இருக்கிறது, 140 பக்கம். அங்கே தொடருங்கள் ஐயா. இங்கே குழந்தைக்கான வாத்தியம் மட்டும்.

கோடம்பாக்கத்துக்காரன்

நான் முழு அளவுக் கட்சி. பத்து வயதில் சித்தப்பாவின் 34 அங்குல பேஸில்தான் ஆரம்பித்தேன், செத்தா போய்விட்டேன்? கை வளைகிற வயதில் பெரிய நெக்கில் பழகினால் பின்னாடி எதைக் கொடுத்தாலும் வாசிக்கலாம். 28.6 என்பது பொம்மை. அதில் இ கம்பி தொளதொளவென்று ஆடும். இரண்டு வருடத்தில் மறுபடியும் இன்னொன்று வாங்க வேண்டும், இரட்டைச் செலவு.

கை எட்டவில்லை என்பதற்கும் வழி இருக்கிறது. ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேலே வாசிக்கச் சொல்லுங்கள். 34 அங்குலத்திலேயே ஐந்திலிருந்து எட்டு வரை 10.3 செ.மீ.தான். நீங்கள் புகழ்கிற மினியின் முதல் நாலு ஃப்ரெட்டைவிடக் குறைவு. போய் அளந்து பாருங்கள்.

நான்குகம்பி

அளவு சரிதான். தொளதொளப்பும் உண்மை. ஒரே தடிமன் கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு போகும். 34-லிருந்து 30-க்கு வந்தால் சுமார் 22 சதவீதம் குறையும், 28.6-ல் 29 சதவீதம். அந்தக் குறைவுதான் மெல்லிய விரலுக்கு வரம். கம்பி அழுந்தும், கொப்புளம் குறையும். ஆடுவதைச் சற்றுத் தடித்த கம்பி மாட்டிச் சமாளிக்கலாம்.

ஆனால் ஐந்தாவது ஃப்ரெட் யோசனை விரலுக்கு மட்டும்தான் வழி. 34 அங்குல பேஸின் மொத்த நீளம் 115 செ.மீ.யைத் தாண்டும், எடை 4 கிலோ அளவில். இவர் மகள் 128 செ.மீ. முறுக்காணியே எட்டாத பிள்ளை சுருதி சேர்க்க ஒவ்வொரு தடவையும் அப்பாவைக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் 'பொம்மை' என்ற பேச்சு. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் வயலின் பேஸ் 30 அங்குலம்தான். ஜாக் புரூஸ் வாசித்த கிப்சன் ஈ.பி.-3 ஏறக்குறைய அதே நீளம். ஸ்டான்லி கிளார்க்கின் அலெம்பிக்கும் ஷார்ட் ஸ்கேல். பெயர்பெற்ற பேஸ் கலைஞர்களான இவர்களெல்லாம் பொம்மையா வாசித்தார்கள்?

கோடம்பாக்கத்துக்காரன்

30 அங்குலம் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். 28.6-தான் எனக்கு ஒத்துவரவில்லை.

தாழ்சுருதி

விரல் எட்டுவது பற்றி ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நாலு ஃப்ரெட்டுக்கு நாலு விரல் என்பது கிட்டாரிலிருந்து வந்த பழக்கம். வயலின் குடும்பத்துப் பெரிய டபுள் பேஸ் வாசிப்பவர்கள் தாழ்ந்த சுரங்கள் உள்ள பகுதியில் அப்படி வைப்பதே இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் சிமாண்டில் என்ற டபுள் பேஸ் ஆசிரியர் முறைப்படுத்திய வழியில் ஆள்காட்டி, நடுவிரல், அப்புறம் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து ஒன்று. ஆக மூன்று ஃப்ரெட்தான் ஒரு பிடி. சுண்டுவிரலுக்குத் துணை கிடைக்கிறது, கை கிழிபடுவதில்லை. 34 அங்குலத்தில்கூட ஒன்றிலிருந்து மூன்றாம் ஃப்ரெட் வரை 9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவுதான். நான் 12 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் இப்படித்தான் தொடங்குகிறேன். சர்ச் அண்ணனிடமும் சொல்லிவையுங்கள். பெரும்பாலான ஆண்பிள்ளைகள் தங்கள் கைக்கு எட்டியது எல்லோருக்கும் எட்டும் என்று நினைப்பார்கள்.

ஸ்கார்பரோவாசி

இங்கே கனடாவில் லாங் அண்ட் மெக்குவேட் கடையில் மாத வாடகைக்கு எடுக்கலாம். எங்கள் பிள்ளைக்கு 8 வயதில் ஷார்ட் ஸ்கேல் ஒன்றை அப்படி எடுத்து, பிடித்த பிறகுதான் காசு போட்டோம். ஊரில் அந்த வசதி கிடைப்பது கஷ்டம் என்று விளங்குகிறது. இன்னொன்று, யூகுலேலே பேஸ் என்று இருக்கிறது. காலா கம்பெனியினது பிரபலம். ஸ்கேல் 20, 21 அங்குலம்தான், ரப்பர் மாதிரிக் கம்பி, ஆனால் சுருதி அதே இ, ஏ, டி, ஜி. சத்தம் டபுள் பேஸ் போல வரும். ஆறேழு வயதுப் பிள்ளை என்றால் நான் அதைத்தான் சொல்வேன். 9 வயதுக்கு வேண்டாம். அந்தக் கம்பிக்குப் பழகிய விரல் உருக்குக் கம்பிக்கு வரும்போது அழும்.

ஃப்ரெட்தச்சன்

கிட்டார் பழுது பார்ப்பது என் தொழில். ஸ்கேல் சண்டை நல்ல சண்டைதான், ஆனால் என் மேஜைக்கு வருகிற பிள்ளைகள் வாத்தியங்களில் தவறான அளவைவிட அதிகம் பார்ப்பது செட்டப் செய்யாத வாத்தியத்தைத்தான். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். கம்பி ஃப்ரெட்டிலிருந்து எவரெஸ்ட் உயரத்தில் நிற்கும். பிள்ளை முழு பலத்தையும் போட்டு அழுத்தும், சத்தம் வராது, "எனக்கு வரல" என்று வைத்துவிடும். அதே வாத்தியத்தில் நட்டின் பள்ளத்தைச் சரியாக அரத்தால் ராவி, நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருத்தி, பிரிட்ஜைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தால் வேறு வாத்தியம். 20 ஆயிரத்துக்கு பேஸ் வாங்கினால் செட்டப்புக்குத் தனியாக ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கிவையுங்கள். கவர், பெல்ட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் இது.

கடையில் நீங்களே பார்க்கக்கூடியது இது. பேஸைத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் பிடித்து, பாடிப் பக்கத்திலிருந்து நெக்கின் இரு ஓரங்களையும் பாருங்கள். லேசான குழிவு இருக்கலாம், முறுக்கு இருக்கக் கூடாது. முறுக்கு இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம், ட்ரஸ் ராடால் அதைச் சரிசெய்ய முடியாது. நெக்கின் ஓரத்தை உள்ளங்கையால் தடவுங்கள். ஃப்ரெட் நுனி கீறினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள். அது ராவினால் போய்விடும். செகண்ட் ஹேண்ட் என்றால் ட்ரஸ் ராடைத் திருகும் நட்டு தேய்ந்து வழுக்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகர என்றால் கவலை வேண்டாம், ஸ்ப்ரே அடித்தால் சரியாகும், விலை பேச மட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மாடல் கேட்டால், இந்தியாவில் கைக்குக் கிடைப்பதில் ஐபனெஸ் மைக்ரோ ஜி.எஸ்.ஆர்.எம்.20, ஸ்குவையர் பிராங்கோ, ஸ்குவையர் மினி மூன்றும் பார்க்கலாம். மைக்ரோவில் பி, ஜே என இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தக் கட்டை), 22 ஃப்ரெட். பிராங்கோவில் ஒரே பிக்கப், 19 ஃப்ரெட், ஆனால் 30 அங்குலம். பழைய பிராங்கோக்களில் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில் இரண்டே இரண்டு, இரண்டு கம்பிக்கு ஒன்று. அதனால் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி மயிரிழை பிசகும். குழந்தைக்கு அங்கே வேலையில்லை. பெயர் தெரியாத மலிவு பேஸ்களைக் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சில நன்றாகவே இருக்கும், ஆனால் எது நன்றாக இருக்கும் என்று கையில் எடுக்காமல் தெரியாது. ஆன்லைனில் அதை வாங்காதீர்கள்.

பாளைத்தந்தை

அண்ணாச்சிமாருக்கும் டீச்சருக்கும் நன்றி. தாளில் கோடு போட்டுப் பார்த்தோம். 13 செ.மீ. பக்கமே போகவில்லை. 11.4-ஐத் தொடுகிறாள், ஆனால் மணிக்கட்டு வளைகிறது. 10.9 சுலபம். டீச்சர் சொன்ன மூன்று விரல் பிடியில் 30 அங்குலக் கணக்கும் தாராளமாக வருகிறது.

மச்சான் கிட்டாரில் இரண்டு கம்பியைக் கழற்றியாயிற்று. அவனுக்கு விஷயம் இன்னும் தெரியாது. மகள் ஒரு கீர்த்தனையின் அடி நோட்டுகளை அண்ணனிடம் கேட்டு எழுதிவந்து தட்டிக்கொண்டிருக்கிறாள், சலித்ததாகத் தெரியவில்லை.

இப்போது கேள்வி ஆம்ப். வீடு சின்னது, பக்கத்து வீட்டில் வயதானவர்கள். ஹோம் தியேட்டரில் சொருகினால் போதும் என்கிறான் ஒரு நண்பன். போதுமா? பெல்ட்டு எது வாங்கணும்? பாட்டரி ஏதாவது உண்டா?

நான்குகம்பி

ஹோம் தியேட்டர் வேண்டாம். பேஸிலிருந்து வரும் சிக்னல் அதற்கு ஏற்ற வகை அல்ல, சத்தமும் மெலிந்து கேட்கும். சத்தத்தைக் கூட்டி வைத்த நேரத்தில் கம்பியை ஓங்கி அடித்தால் ஸ்பீக்கர் கூம்பு கிழியும்.

வீட்டுக்கு ஹெட்ஃபோன் ஆம்ப் போதும். வாக்ஸ் ஆம்ப்ளக் பேஸ் மாதிரி, பேஸிலேயே நேராகச் சொருகுவது. கைபேசியில் பாட்டை ஓடவிட்டு அதோடு வாசிக்கலாம். டீச்சர் சொன்ன பயிற்சிக்கு அதுதான் தோது. ஒலியளவை நீங்கள் வைத்துக்கொடுங்கள், பிள்ளை கையில் விடாதீர்கள். மிச்சப்படுகிற பணத்தைப் பேஸிலும் செட்டப்பிலும் போடுங்கள். பிறகு ஆம்ப் வாங்கினால் 8 அங்குல ஸ்பீக்கர் உள்ள 15, 25 வாட் பேஸ் ஆம்ப் போதும். இ கம்பியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதை அப்படியே தராது, மேலுள்ள அனுசுரங்களை (ஹார்மோனிக்ஸ்) வைத்துக் காதே நிரப்பிக்கொள்ளும். நண்பர் வீட்டுக் கிட்டார் ஆம்பிலும் மெதுவாக வாசிக்கலாம், உரக்க வைக்காதவரை ஒன்றும் ஆகாது. சர்ச்சில் டி.ஐ. பாக்ஸ் இருக்கும், பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் சின்னப் பெட்டி அது. அங்கே ஆம்பே தேவையில்லை.

பெல்ட்டு (ஸ்ட்ராப்) அகலமாக, உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கட்டும். பாடி சின்னதானால் சில பேஸ்களில் தலை கனத்துக் கீழே சாயும். வழவழ நைலான் பெல்ட்டு என்றால் பிள்ளை இடதுகையால் நெக்கைத் தாங்கிக்கொண்டே வாசிக்கப் பழகிவிடும். மைக்ரோ, பிராங்கோ இரண்டிலும் பாட்டரி கிடையாது.

செல்வி_மதுரை

குறுக்கே வருகிறேன். எங்கள் பையனுக்கு வயது 11. சர்ச்சில் எல்லோரும் 5 கம்பி பேஸ் வைத்திருக்கிறார்கள், அதுதான் வேண்டும் என்கிறான். வாங்கலாமா?

தாழ்சுருதி

வேண்டாம். ஐந்தாவது கம்பி கீழ் பி, 31 ஹெர்ட்ஸ் பக்கம். நெக் அகலமாகும், எடை கூடும். அதைவிடப் பெரிய தொல்லை, வாசிக்காத கம்பிகள் தானாக அதிர்ந்து முனகும். அவற்றை அடக்குவதே தனி வித்தை. நாலு கம்பியில் அந்த அடக்கம் வந்த பிறகு ஐந்து. அவன் உயரம் 145 செ.மீ.யைத் தாண்டியிருந்தால் 34 அங்குலத்தையும் ஒரு தடவை மடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் சின்னதுதான் என்று நாங்கள் சொல்லவில்லை.

பாளைத்தந்தை

வாங்கியாயிற்று. 30 அங்குலம் நேரில் கிடைக்கவில்லை, மைக்ரோ கிடைத்தது. சர்ச் அண்ணனைக் கூட்டிப்போய் நெக்கைக் குறிபார்த்துத்தான் எடுத்தோம். செட்டப்பும் ஆயிற்று. கோடம்பாக்கத்து அண்ணாச்சி சொன்னது போலவே இ கம்பி மட்டும் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது, ஓங்கி அடித்தால் ஃப்ரெட்டில் பட்டுக் 'கிர்' என்கிறது. தடித்த கம்பி என்றால் எந்த நம்பர் கேட்க வேண்டும்?

கோடம்பாக்கத்துக்காரன்

நான் சொன்னேனா இல்லையா! சரி, பிள்ளை சந்தோஷமாக இருந்தால் போதும். முதலில் ஓங்கி அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பிக்கப் மேல் கட்டைவிரலை ஊன்றி, விரல் நுனியால் தடவினாற்போல் எடுத்தாலே பாதிக் 'கிர்' போய்விடும்.

ஃப்ரெட்தச்சன்

மீதிப் பாதிக்குக் கம்பி. பொதுவாகக் கடையில் கிடைப்பது 45-லிருந்து 105 வரை போகும் செட் (கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). மைக்ரோவுக்கு இ கம்பி 105-ஐவிடத் தடிமனாக உள்ள செட் கேளுங்கள், ஆனால் பாக்கெட்டில் ஷார்ட் ஸ்கேல் என்று போட்டிருக்க வேண்டும். நீளக் கம்பியை வாங்கி வெட்டி மாட்டினால், முறுக்காணியில் சுற்ற வேண்டிய மெலிந்த முனைக்குப் பதில் தடித்த பகுதி போய்ச் சுற்றும். சுற்றியிருக்கும் உலோக இழை பிரிந்து கம்பி செத்துவிடும். தடிமன் மாறினால் இழுப்பும் மாறும். அதனால் மாட்டி இரண்டு நாள் விட்டு ட்ரஸ் ராடைக் கால் சுற்று பார்க்க வேண்டியிருக்கலாம். நீங்களே திருகாதீர்கள், செட்டப் செய்தவரிடமே கொண்டுபோங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியைத் துடைக்கப் பிள்ளையைப் பழக்குங்கள். நம் ஊர் வியர்வைக்குக் கம்பி சீக்கிரம் துரு ஏறும். அப்புறம் வெயிலில் நிற்கிற காருக்குள் பேஸை வைத்துவிட்டுப் போகாதீர்கள், செட்டப் காசு அங்கேயே போச்சு.